இருபது சென்ட்

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். ஒவ்வொரு வருடமும் பெரும்பொழுது ஆறையும் பலகையில் எழுதிப்போட்டுத்தான் அகத்திணையைத் தொடங்குகிறேன். பாலைக்கலிக்கு வரும்போது பெரும்பாலும் ஏப்ரல் ஆகிவிடும். அந்தப் பாட்டுகளில் மா தளிர்க்கிறது, குயில் கூவுகிறது, வண்டு முரல்கிறது, பொருள் தேடிப் போனவன் மட்டும் திரும்பவில்லை. தலைவி காத்திருக்கிறாள். உரையைச் சொல்லி முடித்துத் தலை நிமிர்ந்தால் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். வராத பெண்கள் எவனுக்காகவும் காத்திருக்கவில்லை. மல்லாட்டை ஆயப் போயிருக்கிறார்கள்.

வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது வாய்க்கு வாய் உருண்டு இப்படி ஆகிவிட்டது. மார்கழியில் கிணற்றுத் தண்ணீரை நம்பி விதைத்தது சித்திரையில் பிடுங்கலுக்கு வரும். செடியைப் பிடுங்குவது, மண்ணை உதறுவது, காயை ஆய்வது, களத்தில் காயவைப்பது எல்லாம் பெண்கள் வேலை. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய மாதமும் அதுதான். மறுநாள் வருகிறவளிடம் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்லாமல் விரல்களைக் காட்டுவாள். நகக்கண்ணில் செம்மண் ஏறியிருக்கும். நானும் அந்த விரல்களோடு படித்தவள்தான். மேலே ஒன்றும் கேட்க மாட்டேன்.

எங்கள் நிலம் ஒரு ஏக்கர் எண்பது சென்ட். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் ஊர், ஊரைத் தாண்டினால் கொல்லை. அறுபது சென்ட் கழனி, மீதி மேடு. நடுவில் ஒரு கிணறு. கிணற்றை ஒட்டி இரண்டு அறை ஓட்டு வீடு, மாட்டுக் கொட்டாய், வைக்கோல் போர், ஒரு புளியமரம், இரண்டு வேம்பு, வரப்போரம் ஆறு பனை. எங்கே நின்று பார்த்தாலும் 2,668 அடி மலை தெரியும். ஊருக்கெல்லாம் அது அண்ணாமலையார். அம்மாவுக்கு அது வானிலை அறிக்கை. உச்சியில் மேகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான், களத்தில் காய்வதை அள்ளுவதா விடுவதா என்று முடிவெடுப்பாள். கும்பிடுவதும் உண்டு. அது கார்த்திகை தீபத்தன்று மட்டும்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. 1975இல் கல்யாணமாகி இந்தக் கொல்லைக்கு வந்தாள். இந்தச் சித்திரையோடு ஐம்பது சித்திரை.

இளவேனிலைப் பற்றி எழுதுகிறவர்கள் வேப்பம்பூவிலிருந்து தொடங்குவார்கள். நானும் கவிதைகளில் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். எங்கள் கொல்லையில் அது புளியிலிருந்து தொடங்கும். மாசிக் கடைசியில் உலுக்கிய புளி, பங்குனி முழுக்கத் திண்ணையில் கிடக்கும். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அமுக்க வேண்டும். கொட்டை எடுக்கிற வேலையை வெட்டிப்பொழுதில் செய்கிற வேலை என்பார்கள். பகல் வேலை எல்லாம் முடிந்து, ராத்திரிச் சோறு ஆக்கி, எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு கிடைப்பதற்குப் பெயர் வெட்டிப்பொழுது. அதற்குள் வேம்பு பூத்துவிடும். மரத்தடியில் பழைய புடவையை விரித்து, விடிகாலையில் பூவை வாரி, முறத்தில் புடைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். வருடப்பிறப்புக்கு ஒரு பிடி போக மீதி வருடம் முழுக்க ரசத்துக்கு.

சித்திரை பிறந்து நல்ல நாள் பார்த்து நல்லேர் பூட்டுவார்கள். ஏரைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாட்டைக் குளிப்பாட்டி, படையலுக்கு வேண்டியதை எல்லாம் தலையில் சுமந்து கொல்லைக்குக் கொண்டுபோவது பெண்கள். ஏரைப் பிடிப்பது ஆண்கள் மட்டும். பெண் ஏர் பிடித்தால் மழை பெய்யாது என்பார்கள். இப்போது எங்கள் ஊரில் ஏர் பூட்டுகிறவர்கள் இரண்டு மூன்று வீடுதான். மற்றவர்களுக்கு டிராக்டர்தான் ஏர், அதன் முன்னால் தேங்காய் உடைத்துவிடுகிறார்கள். அதிலும் பெண் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வருடத்தில் நாலைந்து நாள் நடக்கிற உழவை வைத்துத்தான் யார் உழவர் என்பது முடிவாகிறது. நடவு, களையெடுப்பு, தண்ணீர் கட்டுவது, அறுப்பு, ஆய்வது, தூற்றுவது, விதை காப்பது எல்லாம் 'கூடமாட' செய்வது.

மல்லாட்டை பிடுங்குகிற பத்துப் பதினைந்து நாளும் வீட்டில் உலை கொதிக்காது. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் அதே கூழ், தொட்டுக்கொள்ள மாங்காய். வெயில் ஏறுமுன் பிடுங்கிவிட வேண்டும் என்று நாலு மணிக்கே இறங்குவார்கள். தரை இறுகிப்போனால் காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். பிறகு கொத்திப் பொறுக்க வேண்டும். அதனால் முதல் நாள் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சித்திரையில் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் அரை மணி மோட்டாருக்குத்தான் தாங்கும். ஊற ஊற இறைத்து, மடை மாற்றி, ராத்திரியெல்லாம் அம்மா மண்வெட்டியோடு வரப்பில் நிற்பாள். ஆய்ந்த காயைக் காயவைத்து, மூட்டை பிடித்து, அடுத்த பட்டத்து விதைக்கு நல்ல காயாகப் பார்த்துத் தனியே எடுத்துவைப்பாள். கொடியை வெயிலில் உலர்த்திப் போர் போடுவாள். கோடையில் பசுவுக்கு அந்தக் கொடிதான் உயிர். நல்ல வருடத்தில் ஏழு மூட்டை வரும். மூட்டையை வண்டியில் ஏற்றி விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோனது அப்பா. சீட்டில் இருந்ததும் அவர் பெயர்.

இதற்கு நடுவில்தான் வடகம். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தோழி ஒருத்தி வடகம் என்றால் அரிசிமாவில் பிழிந்து வறுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வடகம் தாளிப்பதற்கு. சின்ன வெங்காயம் உரித்து அரிந்து, பூண்டை ஒன்றிரண்டாக இடித்து, அதில் உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டு, விளக்கெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, ஒரு ராத்திரி மூடிவைக்க வேண்டும். காலையில் பாயில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் அள்ளி மறுபடி பானையில் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் ஒரு புளித்த வாசம் எழும். அந்த வாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பார்த்து உருண்டை பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். முந்தினால் பூசணம், பிந்தினால் உதிர்ந்துபோகும். உருட்டி வெயிலில் வைத்ததைச் சாயங்காலம் எடுத்து, கையில் விளக்கெண்ணெய் தொட்டு இறுக்கி, மறுநாள் மறுபடி வெயிலில். பத்து நாள், பன்னிரண்டு நாள். பத்துப் படி வெங்காயம் உரித்த இடத்தில் கடைசியில் ஒரு பானைகூட நிறையாது. காரக்குழம்பில் கிள்ளிப்போட்டால் தெருவே மணக்கும். அம்மா போட்ட வடகம் கல்யாணமான என் வீட்டுக்கும், ஓசூரில் தம்பி வீட்டுக்கும், சென்னையில் அத்தை வீட்டுக்கும், இன்னும் எந்தெந்த வீட்டுக்கோ போகும். கடையில் விற்கிற விலையைப் போட்டுப் பார்த்தால் ஒரு மல்லாட்டை மூட்டையின் காசு தேறும். போட்டுப் பார்த்தது யாரும் இல்லை.

எங்கள் வீட்டுப் பேச்சில் இதெல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா? பங்குனி வந்தால் புளி வரும். சித்திரையில் மல்லாட்டை வரும். வெயில் வந்தால் வடகம் வரும். எல்லாம் வரும். கொக்கு வருவதுபோல, மழை வருவதுபோல. தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. வாக்கியத்தில் செயல் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது, கேட்பவர் தானே புரிந்துகொள்ள வேண்டும். அம்மா எங்கள் வீட்டு வாக்கியங்களில் தோன்றா எழுவாய். அவளைக் கேட்டாலும் 'இந்த வருசம் வடகம் நல்லா வந்துச்சி' என்றுதான் சொல்வாள்.

இது இன்று நேற்றுப் பேச்சில்லை. மலைபடுகடாம் எங்கள் பக்கத்துப் பாட்டு. 583 அடி. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. செங்கண்மா இன்றைய செங்கம், சேயாறு செய்யாறு, நவிரமலை பர்வதமலை என்று அறிஞர்கள் சொல்வார்கள். மலையில் எழுகிற ஓசைகளை எல்லாம் புலவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற இடம் ஒன்று அதில் உண்டு. முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக அதைத் திரும்பத் திரும்பப் படித்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அருவி விழுகிறது, யானை பிளிறுகிறது, புலி பாய்ந்த கணவனின் புண் ஆறக் கொடிச்சி பாடுகிறாள், தினை குற்றும் பெண்கள் வள்ளைப் பாட்டுப் பாடுகிறார்கள். எல்லாம் மலையின் ஓசை. இப்போது அந்த இடம் வந்தால் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். அருவிக்குக் கை வலிக்காது. உலக்கை பிடித்தவளுக்கு வலித்திருக்கும். ஆனால் பெருங்கௌசிகனார் அவளைக் கேட்டாவது வைத்தார். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை.

அம்மாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அடுப்பங்கரைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பாள். பால் ஊற்றியது ஒரு வரிசை, ஆள் வந்தது ஒரு வரிசை, மூட்டை ஒரு வரிசை, கொடுத்த கைமாற்று ஒரு வரிசை. ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. அதை அவளைத் தவிர யாரும் படிக்க முடியாது, ஆனால் அதில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை. தை பிறக்குமுன் போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்போம். வருடக் கணக்கு மொத்தமும் சுண்ணாம்புக்குள் போய்விடும். வெள்ளையடிப்பதும் அவள்தான்.

நாட்டுக் கணக்கு மட்டும் பெரிய வித்தியாசமாக இல்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் நிலம் வைத்து நடத்துவதாகப் பதிவானவர்களில் பெண்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவில்தான். 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருத்தி நாளைக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்கிறது. வடகத்தையும் புளியையும் அந்த 299க்குள் போடுவதா, விவசாயத்தில் சேர்ப்பதா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கொல்லை வீட்டில் அடுப்புக்கும் களத்துக்கும் நடுவில் கோடு கிடையாது. ஒரே முறம்தான்.

2021இல் அப்பா இறந்தார். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர். அம்மா, நான், தம்பி. மூன்று வருடம் அந்தத் தாள் பீரோவில் கிடந்தது. பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. அம்மா முன்போலவே விதைத்தாள், பிடுங்கினாள். இந்த வருடம் சித்திரையில் எல்லாரும் கொல்லை வீட்டில் கூடியிருந்தபோது தம்பி ஒரு பத்திரத்தின் வரைவை எடுத்து வைத்தான். விடுதலைப் பத்திரம். நானும் அம்மாவும் எங்கள் பாத்தியதையை அவனுக்கு விட்டுக்கொடுப்பதாக.

தம்பியை இந்தக் கட்டுரையின் வில்லனாக்க எனக்கு மனமில்லை. அவன் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பங்கு அவனுடையது. கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்கிப் போட்டதும் அவன். மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டரில் மனை விலை எங்கோ போய்விட்டது. அந்த விலையின் அலை இப்போது செங்கம் சாலையிலும் அடிக்கிறது. கொல்லைகளில் மல்லாட்டைக்குப் பதில் வரிசையாகக் கல் நட்டு வண்ணக் கொடி கட்டியிருக்கிறார்கள். சித்ரா பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் வந்து நடக்கிறவர்களில் சிலர் இங்கேயே ஒரு மனை வேண்டும் என்று நினைக்கிறார்கள். தரகர் ஒருவர் தம்பியிடம் ஒரு தொகை சொல்லியிருந்தார். அதைக் கேட்டால் எனக்கும்தான் தலை சுற்றியது.

வரைவை நான் இரண்டு முறை படித்தேன். தமிழ் படித்தவளுக்குப் பத்திரத் தமிழ் ஒரு தனி ருசி. அன்பின் பேரிலும் பிரியத்தின் பேரிலும் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. எனக்குச் செய்ய வேண்டிய சீர்வரிசைகள் எல்லாம் முன்பே செய்து முடிந்ததாக ஒரு வாக்கியம். நான்கு எல்லைகள், வரப்புகள், மரம் மட்டைகள், கிணறு, அதில் உள்ள தண்ணீர்ப் பாத்தியம் எல்லாம் இருந்தன. ஆறு பனையையும் எண்ணி எழுதியிருந்தார்கள். அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் தொழில்: வீட்டு வேலை.

எங்கள் பெரியப்பா மகளும் இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள்தான். 2003இல் பெரியப்பாவின் கருமாதி முடிந்த கையோடு, பட்டுப்புடவை கொடுத்து, பதிவு செய்துவிட்டார்கள். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்றது, ஆனால் அந்த வருடம் மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு இல்லை. அக்காவுக்கு 1987இல் கல்யாணம். 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேலியை எடுத்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று அக்கா எனக்குப் போன் செய்தாள். ஆனால் 20.12.2004க்கு முன் பதிவாகி முடிந்தவற்றைச் சட்டம் தொடாது. புடவை இன்னும் இருக்கிறது, கட்டவே இல்லை என்றாள்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது வருடம் கழித்து அது சட்டமானபோது எனக்குப் பத்து வயது. வகுப்பில் அந்த வரலாற்றைச் சொல்லும்போது எனக்குக் குரல் ஏறும். அந்தக் குரலோடுதான் வழக்கறிஞராக இருக்கிற என் பள்ளித் தோழியிடம் போனேன். எங்கள் நிலம் அப்பா வாங்கியது இல்லை; 1974இல் தாத்தாவும் பெரியப்பாவும் அப்பாவும் செய்துகொண்ட பாகப்பிரிவினையில் அவருக்கு வந்த பூர்வீகம். அதைக் கேட்டுவிட்டு அவள் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

அப்பா சாவதற்கு முந்தின நொடியில் பாகம் பிரித்ததாகச் சட்டம் நினைத்துக்கொள்ளும். அந்தப் பிரிவில் பங்காளிகள் மூன்று பேர்: அப்பா, தம்பி, நான். ஆளுக்கு அறுபது சென்ட். அம்மா அதில் இல்லை, ஏனென்றால் அவள் இந்தக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. பிறகு அப்பாவின் அறுபது அவருடைய வாரிசுகளுக்கு. அம்மா, தம்பி, நான், ஆளுக்கு இருபது. ஆக எனக்கு எண்பது, தம்பிக்கு எண்பது, அம்மாவுக்கு இருபது.

ஒன்பதில் ஒரு பங்கு.

'மகளுக்குப் பங்கு வராமல் இருந்திருந்தால்?' என்று கேட்டேன். கவரைத் திருப்பினாள். அப்பாவும் தம்பியும் ஆளுக்குத் தொண்ணூறு. அப்பாவின் தொண்ணூறில் எங்கள் மூவருக்கும் முப்பது முப்பது. அம்மாவுக்கு முப்பது வந்திருக்கும்.

அந்தக் கவரை வாங்கிக்கொண்டு வந்து பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் குரல் ஏற்றிச் சொல்லிக்கொடுக்கிற சட்டத்தில் எனக்கு ஐம்பது சென்ட் கூடியிருக்கிறது. அதில் நாற்பது தம்பியிடமிருந்து வந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. மீதிப் பத்து அம்மாவிடமிருந்து. பெண் நிலவுரிமை பற்றி எழுதியவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை; பீனா அகர்வாலின் எழுத்தைப் படித்தவர்களுக்கு விதவைக்கும் மகளுக்கும் நடுவிலான இந்த முரண் புதிதில்லை. ஆனால் நூலில் படிப்பது வேறு. ஐம்பது வருடம் அந்த மண்ணில் குனிந்தவளின் பத்து சென்ட் என் பெயருக்கு வருவதைப் பார்ப்பது வேறு.

எனக்குக் கிடைப்பது பிறந்ததால். அம்மாவுக்குக் கிடைப்பது அப்பா செத்ததால். உழைத்ததால் யாருக்கும் ஒரு சென்ட்கூட இல்லை. அம்மா இந்தக் கொல்லையில் ஒரு செடியும் நடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அதே இருபதுதான் வந்திருக்கும். உடம்பில் சரிபாதியை உமைக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிற சாமியின் ஊர் இது. அவளும் அதைச் சும்மா வாங்கவில்லை, தவம் இருந்துதான் வாங்கினாள் என்பது தலபுராணம். பெரிய கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். செங்கத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி வீடு வீடாகக் கையேந்திக் கட்டி முடித்த 171 அடி. எங்கள் பக்கத்தில் வேலை செய்தவள் பெயர் செய்த வேலையின் மேலேயே நிற்கிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அவளும் துறவி ஆன பிறகுதான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. தம்பிக்குக் கோபம். 'உனக்கு சம்பளம் வருதேக்கா' என்றான். வருகிறது. சம்பளம் வாங்குகிற ஆண்கள் யாரும் அதற்காகப் பாகத்தை விட்டுக்கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை என்று சொன்னேன். பிறகு, நாம் இருவருமே நம் பங்கை அம்மா பெயருக்கு விட்டுக்கொடுப்போம், அவள் காலம் வரை அவள் பெயரில் இருக்கட்டும் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள்: 'எனுக்கு இன்னாத்துக்குடி நெலம்? நான் இன்னா தலையில கட்டிக்கினா போகப்போறன்?' அப்போது அவள் வடகத்தை இறுக்கிக்கொண்டிருந்தாள். விளக்கெண்ணெய்க் கிண்ணம் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் பத்திரத்தை நகர்த்தி வைத்தேன்.

பத்திரத்தில் அவள் தொழிலை 'வீட்டு வேலை' என்று போட்டிருப்பதைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. வீட்டில்தானே வேலை செய்கிறேன் என்றாள். நான் இப்படிச் சொல்லிக்கொடுத்து அவள் கண் திறந்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் பிடித்துக்கொண்டது வேறொரு இடத்தை. கவர்க் கணக்கை விளக்கியபோது இரண்டு முறை திருப்பிக் கேட்டாள். 'எனுக்கு இருவதா?' ஆமாம் என்றேன். 'எந்த இருவது?'

எனக்குக் கேள்வி புரியவில்லை. தம்பிக்கும் புரியவில்லை. அம்மா எழுந்து வாசலுக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டினாள்.

'எனுக்கு இருவதுன்னா, கெணத்த ஒட்டின இருவது குடுங்க. வீடும் கொட்டாயும் புளியமரமும் அதுக்குள்ளியே வந்துடும். மிச்சத்த நீங்க ரெண்டு பேரும் எப்பிடி வேணா பிரிச்சிக்கோங்க.'

தம்பி சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கிணறு இல்லாமல் மீதி நூற்று அறுபதில் மழைக்கு மானாவாரியாக விதைக்கலாம், அல்லது கல் நடலாம். கல் நட்டாலும் நடுவில் கிணற்றோடு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிற மனைப் பிரிவை எந்தத் தரகரும் எடுக்க மாட்டார். 'கெணற பொதுவுல வெச்சிக்கலாம்மா' என்றான். 'பொதுன்னா தூரு யாரு வாருவா?' என்று கேட்டாள். போன வருடம் தூர் வாரியபோது உள்ளே இறங்கிய ஆட்களுக்குச் சோறு ஆக்கி, கூடை கூடையாக வந்த சேற்றை வாங்கி மேட்டில் கொட்டியது யார் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வரைவு அப்படியே நிற்கிறது. கூட்டுப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், மூன்று பெயரிலும். அந்த வாரத்தில் பெரிய கோயிலில் வசந்த உற்சவம் நடந்தது. பத்து நாள் மகிழமரத்தைச் சுற்றிச் சாமி வந்து, கடைசியில் மன்மதனைக் கொளுத்துவார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தம்பி போனான். அம்மா வரவில்லை, மேகம் இறங்குது என்றாள். சொன்னபடியே ராத்திரி கோடை மழை ஒன்று அடித்தது. வடகப் பானை முன்பே உள்ளே போயிருந்தது.

ஈரத்தில் மேட்டுக் கொல்லையை ஓட்டியாயிற்று. நேற்று அம்மா போன் செய்தாள், எனக்கு முதலில், பிறகு தம்பிக்கு. விதை மல்லாட்டை உடைக்கவும் விதைக்கவும் ஆள் கூப்பிட்டிருக்கிறாளாம். ஐம்பது வருடத்தில் இதற்காக எங்களுக்கு அவள் போன் செய்தது இதுதான் முதல் தடவை.

'இருவது செண்டுக்கு உண்டான கூலிய நான் குடுத்துடறன்' என்றாள். 'மீதி நூத்தி அறுவதுக்கு நீங்க ரெண்டு பேரும் அனுப்பிடுங்க. எனுக்கும் சேத்து. நான் நாளிக்கு எட்டு மணி நேரம் வேல செய்யறன்.'